டிரம் இறங்கிய மார்கழி

சென்ற மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். கூரை மேல் சூரிய மின்தகடு மாட்டும் திட்டத்தில் அவளுக்கு வேலை. காபி ஆறும்வரை மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரு வரைபடத்தை என் பக்கம் திருப்பினாள். நான் வேலை பார்த்த பழைய சேலம் மாவட்டம்தான். திருச்செங்கோடு, நாமக்கல் பக்கமெல்லாம் பச்சையாக இருந்தது. ஆத்தூர்ப் பக்கம் வெளுத்துக் கிடந்தது.

"மேற்க எல்லாரும் டக்குனு மாட்டிக்கிறாங்க மேடம். கிழக்க போனா யோசிக்கிறாங்க. அங்க விழிப்புணர்வு கம்மியோ?" என்றாள்.

அந்தச் சொல்லோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். என் காலத்தில் ஒரு திட்டம் படுத்துவிட்டால் மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவார்கள். தப்பித்தவறி எழுந்து நடந்துவிட்டால் விழிப்புணர்வு ஏற்படுத்தினோம் என்று எழுதுவார்கள். இரண்டு வாக்கியமும் தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு மனப்பாடம். அதனால் வந்தவளிடம் என் சாண எரிவாயுக் காலத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு ஃபோன் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியில் தையல், ஊறுகாய், கோழிக்குஞ்சு, கைக்குழந்தைக்குச் சத்துமாவுக் கஞ்சி என்று எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள். கிராமத்துப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பது பாடத்தின் முதல் பக்கம். கடைசிப் பக்கம்வரை அதை யாரும் மாற்றவில்லை. நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது சைக்கிள் ஓட்ட. அது ஓய்வு பெறும்வரை உதவியது.

சாண எரிவாயுக் கலம் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் செங்கல் கட்டிய வட்டக் குழி. அதை ஒட்டினாற்போல் ஒரு கலவைத் தொட்டி. தினமும் சாணத்தை அந்தத் தொட்டியில் போட்டு, வைக்கோல் துரும்பைப் பொறுக்கி எறிந்து, அதே அளவு தண்ணீர் ஊற்றிக் கையால் கரைத்துக் குழிக்குள் விட வேண்டும். குழியின் மேல் ஓர் இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும். உள்ளே கேஸ் சேரச் சேர டிரம் ஏறும். எரிக்க எரிக்க இறங்கும். வீட்டில் கேஸ் இருக்கிறதா இல்லையா என்பது ரோட்டில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். எங்கள் துண்டறிக்கையில் இதெல்லாம் படம் போட்டு இருந்தது. 'சாணத்தைக் கரைக்க வேண்டும்' என்று தெளிவாக அச்சடித்திருந்தார்கள். யார் கரைக்க வேண்டும் என்று மட்டும் இல்லை.

மாவட்டத்துக்கு இந்தத் திட்டத்தைப் பார்த்தவர் உதவி இயக்குநர் சிவசங்கரன். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். சஃபாரி சூட் போட்டிருப்பார். ஜீப்பில் ஏறுமுன் இருக்கையில் கைக்குட்டையை விரித்து, அதன் நான்கு மூலைகளையும் இழுத்துவிட்டுத்தான் உட்காருவார். சிகரெட் பழக்கம் இல்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். ஆய்வுக்குப் போன வீட்டில் அவரே அடுப்புக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியைக் கிழித்து, குமிழைத் திருப்புவார். நீலச்சுடர் வந்ததும் கையை நீட்டுவார். வீட்டுக்காரம்மா டீச்சட்டியை அந்தக் கையில் கொடுக்க வேண்டும். கொதித்து மேலே வரும்வரை எழுந்திருக்க மாட்டார். பிறகு டம்ளரை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்து "இயங்குகிறது" என்பார். அதை மட்டும் எழுத்துத் தமிழில்தான் சொல்வார். குமாஸ்தா குறித்துக்கொள்வார். அடுத்த வீடு, அடுத்த டீ. மத்தியானத்துக்கு மேல் ஜீப்பை எந்தப் புதர் ஓரம் நிறுத்துவது என்பதுதான் டிரைவருக்குப் பெரிய கவலை.

டீ கொதித்தால் கலம் இயங்குகிறது, கொதிக்காவிட்டால் இயங்கவில்லை. இதற்கு மேல் ஒரு விதி கிடையாது. மறுநாள் அந்த அடுப்பின் மேல் நெல் மூட்டையை ஏற்றிவைத்தாலும் அது திட்டத்துக்கு வெளியே நடக்கிற சமாச்சாரம். அலுவலகத்தில் அவர் நாற்காலிக்குப் பின்னால் மாவட்டப் படம் தொங்கும். இயங்கும் கலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைக் குண்டூசி. குத்துவதும் பிடுங்குவதும் அவர் கையால்தான்.

என்னை முதலில் ஆத்தூர்ப் பக்கம் போட்டார்கள். நான் போன ஊரில் வீடுகள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டி ஊருக்குள் இருந்தன. மாடுகள் ஊரில் இல்லை. காட்டில், கிணற்று மேட்டுக் கொட்டகையில் இருந்தன. காவலுக்கு ஆண்கள் அங்கேயே படுப்பார்கள். மாடு இருக்கும் இடத்தில்தான் கலம் கட்ட முடியும். அடுப்பு அங்கிருந்து நல்ல நடைத் தூரம். ஆனாலும் இலக்கு என்று ஒன்று இருந்ததால் சின்னத்தம்பி என்கிற விவசாயியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கலம் கட்ட வைத்தோம். சிவசங்கரன் வந்து பார்த்தார்.

"மாட்டை ஊருக்குள்ள கட்டலாமே?" என்றார்.

"கட்டலாம் சார். நாங்க எங்க போய்ப் படுக்கிறது?" என்றார் சின்னத்தம்பி.

"அப்ப சமையலை இங்க வச்சுக்குங்க."

"ஆக்குறவ இங்க, துண்ணுறவங்க அங்கியா? கொழம்புச்சட்டி ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள நாயி பின்னாடியே வந்துரும் சார்."

சிவசங்கரன் அதைக் கேட்டுக்கொண்டே கொட்டகையில் இருந்த கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக் குடித்தார். இயங்குகிறது என்று சொன்னார். அவர் போன பிறகு சின்னத்தம்பி அந்த கேஸில் ஒரு விளக்கை மாட்டி, மரவள்ளிக் காட்டுக்குப் பன்றி வராமல் பார்த்துக்கொண்டார். பன்றி வராததால் அவருக்குத் திட்டத்தின் மேல் மிகுந்த மரியாதை. மற்றவர்கள் யாரும் கட்டவில்லை. கிழக்குப் பகுதி மக்களிடம் விழிப்புணர்வு குறைவு என்று அறிக்கை போனது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்; நாங்கள் ஆடுகிறவளைத் திட்டினோம்.

பிறகு கொஞ்ச காலம் வெண்ணந்தூர். அங்கே எனக்குப் புகையில்லா அடுப்பு இலக்கு. களிமண்ணில் கட்டி, கூரைக்கு மேல் குழாய் விட்டால் புகை வெளியே போய்விடும். தயக்கத்தோடுதான் போனேன். ஆனால் நெசவுக்காரர்கள் வீட்டில் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஏன் என்று விளங்கவில்லை. ஒரு வீட்டில் அடுப்பு கட்டி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"தறியும் அடுப்பும் ஒரே ரூமுக்குள்ள கெடக்குதுங்களே. பாவு நூலுல கரி படிஞ்சா சேலையத் திருப்பி அனுப்பிப்போடறாங்க" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"உங்க கண்ணுக்கும் நல்லதும்மா" என்றேன். என் பயிற்சி அப்படி.

அவள் சற்று யோசித்தாள். "ஆமாங்க. அதும் இருக்குதில்லீங்க" என்றாள்.

இந்த இரண்டு ஊரும் எனக்கு ஒரு பாடத்தைச் சொல்லித் தந்தன. அடுப்படிக்கு என்று அரசாங்கம் அனுப்பும் பொருள் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், அடுப்படியில் இருப்பவளைத் தவிர வேறு எதற்காவது அது உபயோகப்பட வேண்டும். பன்றிக்கு ஆகலாம், பாவுக்கு ஆகலாம். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னையும் மக்களோடு சேர்த்து விழிப்புணர்வு குறைவு என்று எழுதியிருப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் திருச்செங்கோடு பக்கம் மாற்றல் வந்தது. அங்கே கதையே வேறு. வீடுகள் தோட்டத்துக்குள் தனித்தனியாக இருக்கும். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, அதை ஒட்டினாற்போல் கிணறு, கிணற்று மேட்டில் டீசல் இஞ்சின். கலம் கட்ட இதைவிட வாகான இடம் கிடைக்காது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் டிரம்மைச் சொல்லி அடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒன்றிரண்டு பேர் டிரம்மின் மேல் 'முருகன் துணை' என்று லாரி எழுத்தில் எழுதியும் வாங்கினார்கள். சிவசங்கரனின் படத்தில் மேற்கு மூலை முழுக்கப் பச்சைக் குண்டூசி. அவர் அந்த மூலையைப் பார்க்கும்போது முகத்தில் ஒரு தகப்பனின் பூரிப்பு தெரியும்.

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. தோட்டத்துக்குத் தோட்டம் டிரம் ஏறி இறங்குகிறது. ஆனால் காலையில் சைக்கிளில் போனால் எல்லா ஓட்டு வீட்டிலிருந்தும் முன்போலவே விறகுப் புகை வருகிறது. அந்த கேஸ் எங்கே போகிறது என்பதைப் பழனியப்பக் கவுண்டர்தான் எனக்குக் காட்டினார். முன்பு லாரி ஓட்டியவர். அப்புறம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஒன்றில் பங்கு வைத்திருந்தார். அது ஆந்திராவில் எங்கோ கல்லைக் குடைந்துகொண்டிருந்தது. இவர் ஊரில் பருத்தி போட்டிருந்தார். இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். மிஷின் எதைப் பார்த்தாலும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"கேசை இஞ்சின்ல காத்து இழுக்கற பக்கமா உட்டிருக்கறனுங்க. டீசல் பேருக்குத்தான். மீதி எல்லாம் சாணி ஓட்டுதுங்க" என்றார். டீசலுக்குக் கேனோடு வரிசையில் நிற்கிற காலம் அது.

"அடுப்பு?" என்று கேட்டேன்.

"அதுக்கும் பைப்பு போட்டிருக்கறனுங்க. உங்க சாரு வார அன்னிக்கு எரியும்."

பொய் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போகும் குழாயின் வால்வு இஞ்சின் அறைக்குள் இருந்தது. இஞ்சின் அறைக்குப் பூட்டு. சாவி பச்சை பெல்ட்டின் பைக்குள். சுற்றியிருந்த தோட்டங்களிலும் இதே ஏற்பாடுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிவசங்கரன் குடித்த டீயெல்லாம் அந்தந்த அடுப்பில் அந்த மாதம் கொதித்த ஒரே டீ.

பழனியப்பக் கவுண்டரின் மனைவி செல்லாத்தாள் அதிகம் பேச மாட்டார். நான் போனால் மோர் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஐப்பசியில் ஒரு நாள் அவராகவே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். உள்ளே ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. மூலையில் அரசாங்க அடுப்பு பளபளவென்று இருந்தது. சந்தனப் பொட்டுகூட அழியவில்லை.

"சேவிகாம்மா, எம்புள்ள சரோஜா தலைப்பேறுக்கு வந்திருக்குதுங்க. தை மாசம்னு சொல்லீருக்காங்க" என்றார். "அதுக்குச் சின்னதுலிருந்தே இளைப்பு. புகை பட்டா மூச்சு உடறதுக்கில்லீங்க. ராசிபுரத்து டாக்டரம்மா, புகையில கெடந்தா ரண்டு உசுருக்கும் ஆகாதுன்னுபோட்டாங்க. பேறுகால ரூம்பு இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தானுங்க. நீங்க அவியகிட்டச் சொல்லுங்க. அந்தக் கேசை இங்க திருப்பிவிடச் சொல்லுங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டது. இருமி முடித்து அந்தப் பெண் மூச்சை இழுத்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது.

பழனியப்பக் கவுண்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அவளுக்கென்று நாமக்கல்லிலிருந்து ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து குவிப்பார். "பருத்தி காய் புடிக்கற நேரமுங்க. இப்பத் தண்ணி நின்னா வருசமே போச்சு. அறுவடை ஆகட்டும், திருப்பிவிட்டுடறேன்" என்றார்.

"அறுவடை எப்ப?"

"மாசியிலங்க."

குழந்தை தையில் பிறக்கிறது. அடுப்பு மாசியில் எரியும். இதைச் சேலத்துக்கே போய் சிவசங்கரனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"அடுப்பு எரியுதாம்மா?" என்றார்.

"நீங்க வர்ற அன்னைக்கு எரியும் சார்."

"அப்ப எரியுதுன்னுதானே அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்றுதானோ என்னவோ, அந்தக் கட்டோடு செல்லாத்தாளிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு துண்டறிக்கையை வாங்கிப் படத்தைப் பார்த்தார். டிரம், தொட்டி, குழாய், சிரித்துக்கொண்டே சமைக்கும் பெண்.

"சாணிய ஆரு கரைக்கோணும்னு இதுல போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்பச் செரி" என்றார். மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கட்டுத்தரை பெண்கள் பொறுப்பு. விடிந்ததும் சாணி வழிப்பதும், கூட்டுவதும், கூடையில் சுமந்துபோய்க் கொட்டுவதும் அவர்கள்தான். வீட்டு ஆணோ பண்ணையாளோ அந்தக் கூடையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யாரும் தடுத்ததும் இல்லை, யாரும் தொட்டதும் இல்லை. பழனியப்பக் கவுண்டர் தினமும் டிரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். எதனால் ஏறுகிறது என்று பார்த்ததில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி அது தானாக ஊறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை கடைசியில் அவரே அலுவலகத்துக்கு வந்தார். "டிரம் எந்திரிக்க மாட்டேங்குதுங்க. இஞ்சின் கா மணி நேரம் ஓடினா உக்காந்துக்குது. பனி காரணமுங்களா?" என்றார். பனிக்காலத்தில் கேஸ் குறையும் என்பது உண்மைதான். டிரம்மைச் சுற்றி வைக்கோல் போர்த்தலாம் என்பதும் எங்கள் துண்டறிக்கையில் உண்டு. அதைச் சொல்லி அனுப்பினேன். மார்கழி பிறந்ததும் போய்ப் பார்த்தேன். டிரம்முக்கு வைக்கோல் சுற்றி, அதன் மேல் சாக்கு போர்த்தி, பருத்தி மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். குளிரில் நடுங்கும் கிழவரைப் போல டிரம் குழிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. கலவைத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்தது. அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தேன். செல்லாத்தாள் சாணிக்கூடையோடு என்னைக் கடந்து குப்பைமேட்டுக்குப் போனார். கொட்டிவிட்டு வரும்போது என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். "எத்தனை முட்டைங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அந்த வாரமே சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மேற்குப் பகுதியின் வெற்றியை நேரில் பார்க்க வேண்டுமாம். எந்தக் கலத்தைக் காட்டலாம் என்று சிவசங்கரன் யோசித்து, பழனியப்பக் கவுண்டரின் கலத்தைத் தேர்ந்தெடுத்தார். ரோட்டோரம், ஜீப் திரும்ப இடம் உண்டு. "டீ கிடைக்குமில்லம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"டீ கண்டிப்பாக் கிடைக்கும் சார்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதிகாரி வரும் தகவலைச் சொல்லும்போதுதான், தொட்டியில் சாணி விழாமல் டிரம் ஏறாது என்பதைப் பழனியப்பக் கவுண்டரிடம் போட்டு உடைத்தேன். எதனால் விழவில்லை என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "அவ்வளவுதானுங்களா?" என்று நிம்மதியாகிவிட்டார். டேங்க்கில் எண்ணெய் இல்லையென்றால் ஊற்றினால் போகிறது. அதுதான் அவர் பழகிய உலகம். சாணி குழிக்குள் நாள்கணக்கில் புளித்துத்தான் கேஸ் வரும் என்பதை நான் சொல்லச் சொல்ல அவர் எத்தனை கூடை வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆய்வு நாளன்று விடியற்காலையில் கோழியை விரட்டிவிட்டு, பண்ணையாளைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு மாடு அவிழ்க்கப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தானே குப்பைமேட்டிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து கொட்டியிருக்கிறார். வைக்கோல் பொறுக்கவில்லை, தண்ணீரும் போதவில்லை. ஃபுல் டேங்க் அடித்துவிட்டு இஞ்சினைத் தட்டி உயிர்ப்பிக்கிற மாதிரி டிரம்மைக் கையால் ஓங்கித் தட்டியும் பார்த்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழாய் அடைத்து, தொட்டி பொங்கி, வாசலில் பாதி தூரத்துக்குச் சாணிக்குழம்பு ஓடியிருந்தது. டிரம் அசையவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள்.

சென்னை அதிகாரி பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தார். சிவசங்கரன் நேராக அடுப்படிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தீக்குச்சியைக் கிழித்தார். குமிழைத் திருப்பினார். குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது.

"இருங்க சார், வந்தவிய டீ குடிக்காமப் போறதா" என்றார் செல்லாத்தாள். மண் அடுப்பில் விறகைத் தள்ளி ஊதினார். ஈர விறகு. புகை எழுந்து ஓட்டைத் தொட்டு, இறங்கி, அரசாங்கத்தின் மேல் கவிந்தது. வாசல் பக்கம் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றதால் அதிகாரிகள் வெளியே வரவும் வழியில்லை. செல்லாத்தாள் அவசரப்படவில்லை. தண்ணீர் கொதித்து, தூள் போட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு, அது கரைந்து, ஆற்றி, இரண்டு டம்ளரில் ஊற்றினார். சிவசங்கரன் டம்ளரை வாங்கியபோது அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. சென்னை அதிகாரி பேச வாயைத் திறந்து இருமினார். அவர் இருமியதும் சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ இருமினார்கள். இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பக்கம் நிற்கவில்லை.

"யாரது?" என்றார் அதிகாரி.

"மகளுங்க. பேறுகாலத்துக்கு வந்திருக்குது" என்றார் பழனியப்பக் கவுண்டர்.

"கேஸ் எங்கய்யா போச்சு?"

"மார்கழிப் பனிங்க சார். அதான்..."

"பனி இல்லீங்க" என்றார் செல்லாத்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்தார். "நாந்தானுங்க சாணி போடறத நிறுத்தீட்டேன். கேசு அடுப்படிக்கு வந்தா சாணி தொட்டிக்குப் போகுமுங்க. இஞ்சினுக்கேன்னா குப்பமேட்டுக்குப் போகுமுங்க. எனக்கு ரண்டும் ஒரே நடைதான்."

பழனியப்பக் கவுண்டர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சுமந்த சாணி அவர் முழங்கைவரை காய்ந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"ஐப்பசியிலிருந்து சொன்னனுங்களே. நீங்க டிரம்மையே பாத்துட்டு இருந்தீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் அந்த மூச்சு உள்ளே போகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றோம். பழனியப்பக் கவுண்டர் பெல்ட்டின் பையைத் திறந்து சாவியை எடுத்தார். அதை மனைவி கையில் கொடுக்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, அரசாங்க அடுப்பின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். செல்லாத்தாள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். குமாஸ்தா பேனாவோடு சிவசங்கரனையே பார்த்தார். சிவசங்கரன் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இயங்கவில்லை" என்றார்.

விதிப்படி அது சரிதான். சேலம் போனதும் அந்தக் குண்டூசியைப் பிடுங்கிவிட்டார். அன்று சாயந்தரமே செல்லாத்தாள் தொட்டியைக் கழுவி, வைக்கோல் பொறுக்கிச் சாணியைக் கரைக்க ஆரம்பித்தார். கேஸ் வரும்வரை சரோஜாவை, அடுப்படி தள்ளியிருந்த பக்கத்துத் தோட்டத்துச் சித்தி வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பொங்கல் நெருங்கும்போது டிரம் எழுந்தது. தை பாதியில் பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கப் போனபோது நீலச்சுடரில் குழந்தை குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. வெளியே பழனியப்பக் கவுண்டர் அதிக விலைக்கு வாங்கிய டீசலை இஞ்சினுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பருத்தி கொஞ்சம் காய்ந்துதான் போயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கப்புறம் சந்தைக்குப் போகும் வழியில் என் சைக்கிளை நிறுத்த ஆரம்பித்தார்கள். முகம் தெரியாத பெண்கள். முதல் நாள் இரண்டு பேர். "செல்லாத்தாக்கா தோட்டத்துக்கு வந்தது நீங்கதானுங்களா?" என்று விசாரித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒருத்தி கேட்டாள்: "சாணிய நிறுத்திப்போட்டா டிரம் உக்கார எத்தன நாளாகுமுங்க?"

"ரெண்டு மூணு வாரம் பொறுத்துக்குங்க" என்றேன். என் வேலைக்காலத்தில் நான் கொடுத்த தொழில்நுட்ப ஆலோசனைகளிலேயே இதுதான் வேகமாகப் பரவியது.

சித்திரைக்குள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் டிரம்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தன. எழுந்தபோது அடுப்படிகள் எரிந்தன. முன்னறிவிப்பு இல்லாமல் போனாலும் டீ கொதித்தது. சிவசங்கரனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைச் சேலத்துக்குக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்து, பேனாவைத் திறந்துகொண்டார்.

"மேற்க அடுப்பு உபயோகம் இவ்வளவு ஏறியிருக்கு. என்ன முறையைக் கையாண்டீங்கன்னு சொல்லும்மா. அதையே ஆத்தூர்ப் பக்கமும் பண்ணிடலாம்."

"ஆத்தூர்ல அது நடக்காது சார்" என்றேன். "அங்க மாடு காட்டுல. சாணி அள்ளுறது ஆம்பளைங்க."

அவர் எழுதவில்லை. நான் சொன்னதில் ஏதோ இருக்கிறது, அது என்னவென்று மட்டும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் பேனாவை மூடினார்.

"சாணியை யார் அள்ளினா என்னம்மா," என்றார், "கேஸ் ஒண்ணுதானே?"